வீட்டில் நீர்வண்ண ஓவியம்: சில குறிப்புகள்

• தாள்: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நீர்வண்ணத்துக்கு ஏற்றது. மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டிவிட்டு வரையலாம்.

• வண்ணம்: நீர்வண்ணத்தில் நிறமியைப் பிணைப்பது நீரில் கரையும் பிசின். அதனால் தட்டில் காய்ந்துபோன வண்ணமும் சில சொட்டு நீரில் மீண்டும் இளகும். அக்ரிலிக் காய்ந்தபின் கரையாது. அதனால் அதைத் தேவையான அளவு மட்டும் பிழிய வேண்டும்.

• தூரிகை: நீரில் நிறுத்தியே வைத்தால் நுனி வளைந்துவிடும். மென்மையான சோப்பால் அலசி, நுனியை விரலால் கூராக்கி, படுக்க வைத்து உலர்த்த வேண்டும்.

• சமையலறை: காட்மியம், கோபால்ட் சேர்ந்த வண்ணங்கள் உடலுக்குத் தீங்கானவை. தூரிகை அலசும் குவளையைச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வைக்கக் கூடாது. நுனியை வாயில் வைத்துக் கூராக்கவும் கூடாது.

• குழந்தைகள்: நச்சற்றது என்று அச்சிட்ட, துணியில் பட்டாலும் துவைத்தால் போகும் வண்ணத்தைத் தனியே கொடுக்கலாம்.

• நேரம்: அஞ்சலட்டை அளவுத் தாளில் வெங்காயம், கத்தரிக்காய், டம்ளர் போன்றவற்றை வரைந்தால், அடுப்பு வேலைக்கு நடுவிலும் ஒரு படம் முடியும்.

• புத்தகம்: நூலக நூலைப் பார்த்து வரையும்போது அதை நீர்க்குவளைக்கு எதிர்ப்பக்கம், கண்ணாடித்தாள் போர்த்தி வைக்க வேண்டும்.

• பாதுகாப்பு: முடிந்த ஓவியங்களுக்கு இடையே அமிலமற்ற தாள் வைத்து அடுக்கலாம். நேரடி வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.