புதுத்தொழில்களும் சந்தைப்படுத்தும் முறைகளும்

விளம்பரத்தின் வாயிலாக வாங்குவோரை ஈர்ப்பது மரபுவழிச் சந்தைப்படுத்துதல். பொருள் தானே பரவும் வழியை அதன் அமைப்பினுள்ளேயே வகுத்து, சோதனைகளால் அதனைச் செப்பனிடுவது 'குரோத் ஹேக்கிங்'. 2010-இல் ஷான் எல்லிஸ் இப்பெயரைச் சூட்டினார்.

கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் அமெரிக்க நிறுவனமான டிராப்பாக்ஸ் இதற்குத் தக்க சான்றாகும். விளம்பரத்தால் ஒரு வாடிக்கையாளரைப் பெற 233 முதல் 388 டாலர் வரை செலவாயிற்று. ஆண்டுக் கட்டணமோ அப்போது 99 டாலராகத்தான் இருந்தது. பின்னர், நண்பரைச் சேர்ப்பவர், சேர்பவர் ஆகிய இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் இலவசமாக வழங்கப்பட்டது. 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பதிவுகள், இத்திட்டத்தின் துணையோடு 2010 ஜனவரியில் 40 லட்சமாயின.

முறைகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. பயனற்ற பொருளை எம்முறையும் நிலைநிறுத்தாது. எனவே புதுத்தொழில்களுக்கு நிதியுதவி வழங்குவோர், பதிவு செய்தோரின் எண்ணிக்கையைவிடத் தொடர்ந்து பயன்படுத்துவோரின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.