இமை தொங்கினால் காத்திருக்காதீர்கள்



பிறந்த குழந்தையின் ஒரு கண் பாதிதான் திறக்கிறது என்றால் வீட்டில் என்ன பேசுகிறோம்? "மாசமா இருந்தப்போ கிரகணத்துல வெளியே வந்துட்டா, அதான்" என்று தாயைக் குறை சொல்கிறோம். "பொம்பளைப் புள்ள, கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். இரண்டும் தவறு.

மேல் இமையைத் தூக்குவதற்கு ஒரு தசை உண்டு. கருவிலேயே அது சரியாக வளராவிட்டால் இமை தொங்கும். இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை.

ஏன் அவசரம்?
இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. குழந்தையின் பார்வை 7, 8 வயதுக்குள் வளர்கிறது. இமை கண்ணின் பாப்பாவை மறைத்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாது, 'சோம்பல் கண்' ஆகிவிடும். கல்யாண வயதில் இமையைத் தூக்கினால் முகம் சரியாகும். போன பார்வை வராது.

கவனியுங்கள்:
1. இமை பாப்பாவை மறைக்கிறதா?
2. பிள்ளை மோவாயைத் தூக்கிப் பார்க்கிறதா?
3. நெற்றியைச் சுருக்கி, புருவத்தை உயர்த்துகிறதா?
இமை தொங்கினாலே கண் டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஆபரேஷன் எப்படி?
தசையில் ஓரளவு பலம் இருந்தால் அதையே சுருக்கித் தைப்பார்கள். பலமே இல்லாவிட்டால், தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையாலோ சிலிக்கான் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். கயிறு வாளியைத் தூக்குவதுபோல, புருவம் உயர்ந்தால் இமையும் உயரும். வேலை இமையில்தான், கண்விழிக்குள் கத்தி போகாது. பாப்பா மறைந்திருந்தால் கைக்குழந்தைக்கும் செய்வார்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் 3 முதல் 5 வயதில் செய்வார்கள். அதுவரை பார்வையைச் சோதித்து வரவேண்டும்.

பிறகு?
தூங்கும்போது கண் முழுதாக மூடாமல் இருக்கலாம். பயப்படாதீர்கள், கண் காயாமலிருக்க டாக்டர் தரும் களிம்பைத் தவறாமல் போடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். கண் சிவந்து வலித்தால் உடனே காட்டுங்கள். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம்.

பெரியவர்களுக்கு எச்சரிக்கை!
திடீரென இமை தொங்கினால் அது வேறு நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி தரையில் படுத்தவருக்கு விடியும்போது இரண்டு இமையும் சொருகினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். பல் தடம் தெரியாமலும் போகும். உடனே 108-ஐ அழையுங்கள்.

2013 முதல் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதிக்கிறது. பிள்ளையை மறைக்காமல் காட்டுங்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே போங்கள்.