"நம்பர் 1"னு போட முடியாத மார்க்கெட்டிங்

ஒரு ஷூ பிராண்டோட இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கிறவருக்கு வேலை ஈஸி. "பெஸ்ட்"னு போடலாம், கஸ்டமர் பாராட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடலாம், கிவ்அவே வைக்கலாம். அதே வேலையை ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனத்துக்குப் பண்றவருக்கு இந்த மூணுமே கிடையாது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2023 ஏப்ரலில் முதலீட்டு ஆலோசகர்களுக்கும் ரிசர்ச் அனலிஸ்ட்களுக்கும் விளம்பர விதிகளை வெளியிட்டது. சோஷியல் மீடியா போஸ்ட்டும் அதில் விளம்பரம்தான். "டாப்", "லீடிங்" மாதிரி வார்த்தை கூடாது. வாடிக்கையாளர் பாராட்டு கூடாது. பரிசுப் போட்டி கூடாது. இவ்வளவு லாபம் நிச்சயம்னு சொல்லவே கூடாது. போட்ட விளம்பரத்தோட நகலை 5 வருஷம் வச்சிருக்கணும். அதாவது ஸ்டோரி 24 மணி நேரத்துல மறைஞ்சாலும் கம்பெனி ஃபைல்ல இருக்கணும்!

மியூச்சுவல் ஃபண்டுக்குத் தனி விதி. வீடியோ விளம்பரத்தோட கடைசியில் வரும் அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் 14 வார்த்தை. அதைக் குறைஞ்சது 5 விநாடி காட்டி, வாசிக்கணும். 15 விநாடி ரீல்ஸ்ல மூணில் ஒரு பங்கு அதுக்கே போயிடும். எடிட் பண்றவங்க பாவம்தான்.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல, எஃப் அண்ட் ஓ டிரேடிங் பண்ணின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். எல்லாருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24ல் இந்த டிரேடர்கள்ல 43% பேர் 30 வயசுக்குக் கீழே. நம்ம ஹாஸ்டல் ரூம்ல ஓடுற ஆப்ஷன்ஸ் ரீல்ஸ் யாரைக் குறி வைக்குதுன்னு இதுக்கு மேல விளக்க வேண்டாம்.

கம்பெனி தன் பக்கத்துல சொல்ல முடியாததை இன்ஃப்ளுயன்சர் வாயால சொல்ல வைக்கிறதுதான் பழைய வழி. 2024 ஆகஸ்டில் அதுவும் அடைபட்டது. பதிவு இல்லாம பங்கு டிப்ஸ் தர்றவங்க, லாபக் கணக்கு காட்டுறவங்க கூட செபியில் பதிவான நிறுவனங்கள் பண உறவோ ரெஃபரல் உறவோ வச்சுக்கக் கூடாது. "நான் பாடம்தான் நடத்துறேன்"னு சொல்றவங்களுக்கும் 2025 ஜனவரியில் விளக்கம் வந்தது: கடந்த மூணு மாச விலையைக் காட்டி எந்தப் பங்கைப் பத்தியும் பேசினா அது பாடம் இல்லை.

அப்போ மிச்சம் என்ன? நிஜமாவே சொல்லிக்கொடுக்கிறது. 100 ரூபாய் 50 ஆனா அது 50% சரிவு. ஆனா திரும்ப 100 ஆக 100% ஏறணும். இதை 20 விநாடியில் அழகா அனிமேட் பண்ணினா எந்த விதியும் தடுக்காது. வியூஸ் கம்மியா வரலாம். ஆனா பார்த்தவர் அந்தப் பேரை மறக்க மாட்டார்னு நான் நம்புறேன்.

ஃபைனான்ஸ் பேஜுக்கு கன்டென்ட் எழுத, வீடியோ எடிட் பண்ண, "லிங்க் ஷேர் பண்ணு, அக்கவுன்ட்டுக்கு இவ்வளவு"ன்னு யாராவது உங்களைக் கூப்பிட்டா, முதல்ல பதிவு எண்ணைக் கேளுங்க. ஆலோசகர்னா ஐஎன்ஏ, ரிசர்ச் அனலிஸ்ட்னா ஐஎன்எச்னு தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விக்கிறவர்னா ஏஆர்என் எண் இருக்கணும். முதல் ரெண்டையும் செபி இணையதளத்துல, மூணாவதை ஆம்ஃபி இணையதளத்துல ரெண்டு நிமிஷத்துல தேடிப் பார்த்துடலாம்.