தர்பூசணியில் காய் பிடிக்கத் தேனீ வேண்டும்

தர்பூசணிக் கொடி செழிப்பாகப் படர்ந்திருக்கும். பூக்களும் நிறைய இருக்கும். ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். தப்பிய சில காய்களும் ஒரு பக்கம் பெருத்து, மறு பக்கம் சூம்பி, சந்தையில் கழித்து ஒதுக்கப்படும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா இடுவோர் உண்டு. இதனால் கொடிதான் வளரும், காய் பிடிக்காது.

உதிர்ந்த பிஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லை, நீர்ப்பாய்ச்சலிலும் குறையில்லை என்றால், மகரந்தச் சேர்க்கை நடைபெறாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆண் பூவும் பெண் பூவும்

தர்பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றும். முதலில் வருபவை ஆண் பூக்கள். இவை உதிர்வது இயல்பே, கவலைப்பட வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற பகுதி காணப்படும்.

இதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து செல்லாது. பூச்சிகளே அதைச் சுமந்து செல்ல வேண்டும். பூ காலையில் மலர்ந்து பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் மலராது. அதற்குள் பெண் பூவின் சூல்முடியில் ஏறத்தாழ ஆயிரம் மகரந்தத் தூள்கள் பரவலாகப் படிய வேண்டும். இதற்கு ஒரு பூவுக்குத் தேனீ ஏழெட்டு முறையாவது வர வேண்டும். மகரந்தம் ஒரு பக்கம் மட்டும் படிந்தால் காய் கோணலாகிவிடும்.

தேனீ குறைவது ஏன்?

பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பகுதிகளில் ஜி.எஸ்.டி. சாலையையொட்டிக் கட்டடங்கள் பெருகிவிட்டன. மரப்பொந்துகளும் புதர்களும் குறைந்ததால் இந்தியத் தேனீயும் கொம்புத் தேனீயும் கூடு கட்ட இடமின்றிப் போகின்றன. தேனுக்காகக் கூட்டைத் தீயிட்டு அழிப்பதும் கேடு விளைவிக்கிறது.

காலை 7 மணி முதல் 9 மணிக்குள் வயலைச் சுற்றி வந்து பார்க்கலாம். 100 பூக்களுக்கு ஒரு தேனீயாவது தென்பட வேண்டும்.

மருந்து தெளிக்கும் நேரம்

தேனீ மும்முரமாகப் பூவுக்கு வருவதும் காலையில்தான். பலர் மருந்து தெளிப்பதும் காலையில்தான். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற மருந்துகள் தேனீக்களுக்குக் கொடிய நஞ்சு. ஐரோப்பிய நாடுகள் இவற்றைத் திறந்த வயல்களில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தன.

பூக்கும் பருவத்தில் இத்தகைய மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். தெளித்தே தீர வேண்டுமானால் தேனீக்குக் கேடு குறைந்த மருந்தைத் தேர்ந்து, பூ மூடிய பின் மாலை 5 மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். தூவும் மருந்து கூடவே கூடாது. அது மகரந்தத்துடன் ஒட்டிக்கொண்டு கூட்டுக்கே போய்ச் சேரும்.

பெட்டி வைக்கும் முறை

அமெரிக்காவில் புளூபெரி, பாதாம் பயிரிடுவோர் பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வயலில் வைக்கின்றனர். அவர்கள் கருதுவது தேனை அல்ல, காய்ப்பையே. நம் விவசாயிகளும் ஏக்கருக்கு 2 பெட்டிகள் வைக்கலாம்.

1. பூக்கத் தொடங்கிய பிறகே பெட்டியை வைக்க வேண்டும். முன்னதாக வைத்தால் தேனீக்கள் வேறு பூக்களுக்குப் பழகிவிடும்.

2. பெட்டியை இரவில் எடுத்து வர வேண்டும்.

3. நிழலில், தாங்கி மீது வைக்க வேண்டும். எறும்பு ஏறாதிருக்கத் தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும்.

4. அருகில் தண்ணீர் இருக்க வேண்டும்.

5. பக்கத்து வயலில் மருந்து தெளிக்கும் நாளை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். தேனீக்கு வரப்பு தெரியாது.

பெட்டி இல்லாதவர்கள்

சில சென்ட் மட்டும் பயிரிடுவோர் கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம். காலை 9 மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி மெல்லத் தடவ வேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்குப் போதும். பூசணி, பாகலுக்கும் இம்முறை பொருந்தும்.

தேனீ வளர்ப்பு பற்றிய விவரங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், காட்டாங்கொளத்தூர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டறியலாம். அடுத்த மூட்டை யூரியா வாங்குமுன், ஒரு நாள் காலையில் வயலில் தேனீ வருகிறதா என்று பார்ப்பது செலவில்லாத வேலை.