வலைப்பக்கத்திற்கு ஓர் இரசமட்டம்

சுவர் எழுப்பும் கொத்தனார் தம் கண்ணை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கின்றதா என்று பார்க்கிறார். இரசமட்டத்தை வைத்துத் தளம் சமமாக உள்ளதா என்று சோதிக்கிறார். வலைத்தளம் அமைப்போருக்கும் இத்தகைய கருவிகள் தேவைப்படுகின்றன. பார்வைக்கு அழகாகத் தோன்றும் பக்கம் உள்ளே பிழை மலிந்ததாக இருத்தல் கூடும். அப்பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் உலாவித் துணைநிரல்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் பயன் யாது, எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

துணைநிரல் இயங்கும் முறை

வலைப்பக்கம் ஒன்று உலாவிக்கு மூவகை எழுத்துக்களாக வந்து சேருகிறது. பக்கத்தின் உறுப்புக்கள் இன்னவை என்று கூறுவது எச்.டி.எம்.எல். அவற்றின் நிறம், அளவு, இடம் ஆகியவற்றை வகுப்பது சி.எஸ்.எஸ். அவை நடந்துகொள்ள வேண்டிய முறையைக் கட்டளையிடுவது ஜாவாஸ்கிரிப்ட். உலாவி இவற்றைப் படித்து, வேர், கிளை, இலை என விரியும் ஒரு மரத்தைத் தன் நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. நாம் திரையில் காண்பது அம்மரத்தின் தோற்றமே ஆகும்.

துணைநிரல் என்பது உலாவியினுள் நிறுவப்படும் ஒரு சிறு நிரல். பயனர் அளித்த அனுமதிக்கு உட்பட்டு அது இம்மரத்தைப் படிக்கவும் மாற்றவும் வல்லது. அங்ஙனம் செய்த மாற்றம் நம் உலாவியில் மட்டுமே தோன்றும்; வழங்கு கணினியில் உள்ள மூலம் மாறுவதில்லை. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய தோற்றம் திரும்பிவிடும். எனவே பயிலுவோர் அச்சமின்றிச் சோதனை செய்து பார்க்கலாம்.

வளர்ச்சி வரலாறு

கிறிஸ் பெட்ரிக் என்பார் 2003ஆம் ஆண்டில் 'வெப் டெவலப்பர்' என்னும் துணைநிரலை வெளியிட்டார். சி.எஸ்.எஸ். விதிகளை நிறுத்திப் பக்கத்தைப் பார்த்தல், தலைப்புக்களைக் கோடிட்டுக் காட்டுதல், படங்களுக்குரிய மாற்று உரையைக் காட்டுதல் முதலியவை அதன் பணிகள். 2006இல் ஜோ ஹியூவிட் பயர்பாக்ஸ் உலாவிக்கென 'பயர்பக்' என்பதை அளித்தார். அதற்கு முன்னர், ஒரு மாறியின் மதிப்பை அறிய விரும்பியவர்கள் நிரலின் இடையிடையே அறிவிப்புப் பெட்டிகளைச் செருகிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பயர்பக் வந்த பின், பக்கத்தின் எவ்வுறுப்பையும் சுட்டி அதற்குரிய விதிகளை அங்கேயே திருத்திப் பார்ப்பது எளிதாயிற்று.

இம்முறைகள் பின்னர் உலாவிகளுக்குள்ளேயே இடம்பெற்றன. 2017 நவம்பர் 14ஆம் நாள் வெளிவந்த பயர்பாக்ஸ் 57ஆம் பதிப்பு பழைய வகைத் துணைநிரல்களை ஏற்காதபடியால் பயர்பக்கின் காலம் முடிவுற்றது. ஆயினும் இன்று பல உலாவிகளில் எஃப் 12 விசையை அழுத்தியதும் விரியும் கருவிப் பகுதியில் அதன் பண்புகளைக் காணலாம்.

ஷின்யா கசதானி உருவாக்கிய 'செலினியம் ஐ.டி.இ.' வேறொரு வகையைச் சார்ந்தது. ஒருவர் படிவத்தை நிரப்பும் செயல்களை அது வரிசையாகப் பதிவு செய்து, வேண்டும்போது தானே மீண்டும் செய்து காட்டும். ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்தைக் கெடுத்துவிட்டதா என்பதை இதனால் அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

வெண்மையான பின்னணியில் சாம்பல் நிற எழுத்துக்களை அமைப்பதாகக் கொள்வோம். வலைப்பக்க அணுகல்தன்மைக்கான உலக நெறிகளின்படி, சாதாரண அளவுள்ள எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 என இருத்தல் வேண்டும். கருமைக்கும் வெண்மைக்கும் இடையே இது 21க்கு 1 ஆகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 119 என்னும் அளவில் கலந்த சாம்பல் நிறத்திற்கு விகிதம் ஏறத்தாழ 4.48, அது தவறுகிறது. மூன்றையும் 118 ஆக்கினால் ஏறத்தாழ 4.54, அது தேறுகிறது. இவ்விரு நிறங்களையும் கண்ணால் வேறுபடுத்துதல் அரிது. 'வேவ்', 'ஆக்ஸ்' போன்ற துணைநிரல்களோ நொடிப்பொழுதில் கணக்கிட்டுக் கூறிவிடுகின்றன. கடவுச்சொல்லுக்குப் பின்னால் உள்ள பக்கங்களையும், இன்னும் வெளியிடப்படாத பக்கங்களையும் உலாவியிலேயே வைத்துச் சோதிக்கக்கூடியது இவற்றின் தனிச் சிறப்பு.

இது வெறும் அழகு பற்றிய செய்தியன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு வசதிகள் அவர்களுக்கும் எட்ட வேண்டுமென விதிக்கின்றது. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதன்முதல் வெளியிடப்பட்டன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. உதவித்தொகை கோரும் படிவத்தில் ஒரு கட்டத்திற்குப் பெயர் இடப்படாவிடில், திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் படிக்கும் பார்வையற்றவர் அங்கே எதை நிரப்புவது என்றறியாது நின்றுவிடுவார். அவர் இழப்பது ஓராண்டின் உதவித்தொகையாகவும் இருக்கலாம்.

கருவியின் எல்லை

படத்திற்கு மாற்று உரை இல்லை என்பதைத் துணைநிரல் கண்டுபிடிக்கும். இருக்கும் உரை பொருத்தமானதா என்பதை உறுதியாகக் கூற அதனால் இயலாது. வெள்ள அபாயப் பகுதிகளைக் குறிக்கும் நிலப்படத்திற்குப் 'படம் 1' என்று எழுதியிருந்தாலும், 'உரை உள்ளது' என்று அது தேர்ச்சி அளித்துவிடக்கூடும். ஆதலால் சுட்டியைத் தொடாது விசைப்பலகையை மட்டும் கொண்டு படிவத்தை நிரப்பிப் பார்த்தல், திரைவாசிப்பு மென்பொருளின் வழியே பக்கத்தைக் கேட்டுப் பார்த்தல் ஆகிய சோதனைகளை மனிதரே செய்தல் இன்றியமையாதது.

எச்சரிக்கை

பக்கத்தைப் படிக்கவும் மாற்றவும் வல்ல கருவி தீயோர் கைப்பட்டால் தீங்கும் செய்யும். 2017 ஆகஸ்டு 2ஆம் நாள், பெட்ரிக்கைப் பொய் மின்னஞ்சலால் ஏமாற்றி அவருடைய கணக்கைக் கைப்பற்றியவர்கள், குரோம் உலாவிக்குரிய அவரது துணைநிரலில் விளம்பரங்களைப் புகுத்தும் பதிப்பொன்றைப் பரப்பினர். அதன் பயனர் தொகை 10 இலட்சத்திற்கு மேற்பட்டதாகும். பெட்ரிக் விரைந்து திருத்திய பதிப்பை வெளியிட்டார்.

இதனின்று நாம் கொள்ள வேண்டியவை மூன்று. தேவையான துணைநிரல்களை மட்டுமே நிறுவுதல் வேண்டும். அவை கோரும் அனுமதிகளைப் படித்த பின்னரே இசைவளித்தல் வேண்டும். சோதனைக்கெனத் தனி உலாவிக் கணக்கை வைத்துக்கொண்டு, வங்கிப் பணியையும் பொதுமக்களின் விவரங்கள் அடங்கிய பக்கங்களையும் அதில் திறவாதிருத்தல் வேண்டும்.

இரசமட்டம் சுவரின் கோணலைக் காட்டுமேயன்றித் தானே சுவரை நிமிர்த்தாது. கோணலைக் கண்டபின் கல்லைப் பெயர்த்து மீண்டும் வைப்பது கொத்தனாரின் பொறுப்பு. வலைத்தளம் அமைப்போரின் பொறுப்பும் அத்தகையதே.