தோற்றமும் உள்ளமும்: ஜுலைபீப் (ரழி) வரலாறு தரும் பாடம்

ஒருவரைக் காணும்போது எமது கண்கள் முதலில் அவரது நிறத்தையும் உடையையுமே காண்கின்றன. அது கண்ணின் இயல்பு. ஆனால் கண் கண்டதைக் கொண்டு அவரது மதிப்பையே தீர்மானித்துவிடுவது எமது குறை. அல்லாஹ் தோற்றங்களையோ செல்வங்களையோ பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சிறு வயதிலேயே அதைப் பாடமாக்கிவிட்டோம். அதை எப்படி வாழ்வது என்பதை ஜுலைபீப் (ரழி) அவர்களின் வரலாற்றிலிருந்தே நான் விளங்கிக்கொண்டேன்.

அவர் மதீனாவில் வாழ்ந்த ஸஹாபி. அழகிய தோற்றம் உடையவர் அல்லர். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பின்படி, நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்ஸாரித் தோழரின் மகளைப் பெண் கேட்டார்கள். நபியவர்கள் தமக்காகவே கேட்கிறார்கள் என்றெண்ணி அவர் மகிழ்ந்தார். ஜுலைபீபுக்காக என்றதும், மனைவியிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்றார். தாயாரும் முதலில் மகிழ்ந்து, மாப்பிள்ளை யாரென அறிந்ததும் மறுத்துவிட்டார். அப்போது மகள், தன்னைப் பெண் கேட்டவர் யார் என்று விசாரித்தார். நபியவர்கள் என அறிந்ததும், அவர்களின் வார்த்தையை மறுக்கலாமா, அவர்கள் என்னைக் கைவிடமாட்டார்கள் என்று கூறிச் சம்மதித்தார். அவருக்கு நலவுகள் பொழியவும் வாழ்வு சிரமமின்றி அமையவும் நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

பின்னர் ஒரு போர் முடிந்தபோது, யாரையேனும் காணவில்லையா என்று நபியவர்கள் வினவினார்கள். தோழர்கள் சிலரது பெயர்களைச் சொன்னார்கள். 3 முறை கேட்டும் ஜுலைபீபின் பெயர் எவரது நாவிலும் வரவில்லை. தாம் அவரைக் காணவில்லை என்று நபியவர்களே கூறினார்கள். தேடியபோது, தாம் வீழ்த்திய 7 எதிரிகளின் அருகில் அவர் ஷஹீதாகக் கிடந்தார். அவரைத் தம்மைச் சேர்ந்தவர் என்று கூறி நபியவர்கள் தம் கரங்களில் ஏந்தினார்கள். கப்று தோண்டி முடியும்வரை அந்தக் கரங்களே அவருக்குச் சந்தூக்காக இருந்தன.

அப்படியானால் அழகாக உடுத்துவது தவறா? நல்ல உடையும் பாதணியும் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என நபியவர்கள் விளக்கினார்கள். எம்மோடு வாழும் கிறிஸ்தவர்களின் வேதத்திலும் இதற்கு நெருக்கமான போதனை உண்டு. பேதுருவின் முதலாம் நிருபம் 3ஆம் அதிகாரம், பின்னிய கூந்தலையும் பொன் நகைகளையும் விட, உள்ளத்தின் சாந்தமே பெண்ணுக்கு அலங்காரம் என்று அறிவுறுத்துகிறது.

ஆனால் எமது வீடுகளில் சம்பந்தம் பேசும்போது முதலில் வரும் கேள்வி எது? "பிள்ளை நிறமா?" என்பதுதானே! குர்ஆனை அழகாக ஓதும், உம்மம்மாவைப் பொறுமையாகப் பராமரிக்கும் ஒரு பெண், ஒரு புகைப்படத்தோடு ஒதுக்கப்படுகிறாள். அந்தக் கேள்வியைக் கேட்டு வளரும் என் வயதுப் பிள்ளைகள் வெள்ளையாக்கும் கிறீம்களைத் தேடுகிறார்கள். பெற்றோர் எந்தத் தராசில் நிறுக்கிறார்களோ, அதே தராசில் பிள்ளைகள் தம்மையும் தோழியரையும் நிறுக்கிறார்கள்.

அன்பின் பெற்றோரே, தொழுகை எப்படி, பேச்சில் உண்மை உண்டா, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பவற்றை முதலில் கேளுங்கள். சகோதரிகளே, நாமும் வாகனத்தையும் முகவெட்டையும் பார்த்து மனிதரை அளக்காதிருப்போம். அந்த அன்ஸாரிப் பெண் தன் வீட்டாரின் கண்ணை விட நபியவர்களின் பார்வையை நம்பினார். அவரது பெயரோ முகமோ அந்த அறிவிப்பில் இல்லை. அவர் சொன்ன பதிலே இன்றுவரை எஞ்சியிருக்கிறது. எமது உள்ளங்களையும் அல்லாஹ் அழகாக்குவானாக!