சியோலுக்குப் போகிற தங்கச்சிக்கு

பங்கில் நீ பேர் கொடுத்துவிட்டாய் என்று அம்மா போனில் சொன்னாள். 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை, உலக இளையோர் நாள், சியோல். பேர் கொடுத்த கையோடு சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றையும் கடையில் பார்த்து வைத்திருக்கிறாயாம். அது கடையிலேயே இருக்கட்டும்.

2023-ல் இதே விழாவுக்கு லிஸ்பன் போனபோது நானும் அப்படி ஒன்றைத்தான் இழுத்துக்கொண்டு போனேன். மேடும் பள்ளமுமான ஊர் அது. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்திருப்பார்கள். இரண்டாம் நாளே ஒரு சக்கரம் கழன்று ஓடிவிட்டது. அப்புறம் எங்கள் குழுப் பையன்கள் இரண்டு பேர் அதைச் சவப்பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகில் மாட்டுகிற பை போதும். எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கிப் பார். மூச்சு வாங்கினால் ஒரு சுடிதாரை வெளியே எடு.

திருத்தந்தையைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாய். பார்ப்பாய், பெரும்பாலும் திரையில். லிஸ்பனில் கடைசித் திருப்பலிக்கு ஏறக்குறைய 15 லட்சம் பேர். போப் பிரான்சிஸை நான் நேரில் பார்த்தது, அவர் வண்டி எங்களைக் கடந்துபோன நாலு நொடி. மீதி நேரமெல்லாம் நடந்தோம், வரிசையில் நின்றோம், காத்துக்கிடந்தோம். அந்த வாரத்தின் வேலையே அதுதான். அதனால் நடப்பதற்கும் காத்திருப்பதற்கும்தான் நீ தயாராக வேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நடந்தவள்தானே நான் என்பாய். அந்த நடையில் கால் வலித்தால் பந்தலில் உட்காரலாம், யாராவது மோர் கொடுப்பார்கள். சியோலில் கூட்டம் உன்னைத் தள்ளிக்கொண்டு போகும், நினைத்த இடத்தில் நிற்க முடியாது. புது ஷூ வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டுத் தேய்த்த ஷூவோடு இரண்டு மாதம் முன்னாலிருந்தே தினமும் நட, வாரம் ஒரு நாள் பத்து கிலோமீட்டர். பருத்தி சாக்ஸ் வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும். சீக்கிரம் காய்கிற ஓட்டப்பந்தய சாக்ஸ் வாங்கு. விரலிடுக்கிலும் தொடையிலும் காலையிலேயே வாசலைன் தடவிவிடு. வெட்கப்படாதே, மூன்றாம் நாள் கப்பலில் வந்தவன் மாதிரி காலை அகட்டி நடக்கிறவர்களைப் பார்த்தால் புரியும்.

சனிக்கிழமை இரவு திருவிழிப்பு. திறந்தவெளிக்கு நடந்துபோய், அங்கேயே படுத்து, ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்துதான் திரும்ப முடியும். லிஸ்பனில் அந்த இடம் தேஜு ஆற்றங்கரை. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய நிலத்தைச் சீர்செய்திருந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பகலில் வறுத்தெடுத்தது, ராத்திரி ஆற்றுக்காற்றில் பல் கிட்டியது. சியோல் வேறு மாதிரி. ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே புழுக்கம், மழைக்கு முந்தின சென்னை மாதிரி. புயலும் வருகிற காலம். 2011-ல் மாட்ரிட் திருவிழிப்பில் போப் பெனடிக்ட் பேச்சை நிறுத்தும் அளவுக்குக் காற்றும் மழையும் அடித்தது. குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், ரெயின்கோட்தான் சரி. விரித்துப் படுக்க லேசான தார்ப்பாய். இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு. கழிப்பறைக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்த பெண்களை என் கண்ணால் பார்த்தேன். நீ குடி, நில்.

தூங்கலாம் என்று மட்டும் நம்பாதே. லிஸ்பனில் ஞாயிறு அதிகாலை எங்களை எழுப்பியது கில்யெர்மே பெய்ஷோட்டோ என்ற பாதிரியார், மேடையில் டிஜே போட்டு! அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

அந்தக் கூட்டத்தில் போன் வேலை செய்யாது. எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி, மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள். கொடி பிடித்தால் தெரியும் என்று நினைத்துப் போனோம். போன இடத்தில் மூவர்ணக் கொடி எங்கு பார்த்தாலும் தெரிந்தது. கடைசியில் அங்கே ஒரு தூண்டில் கம்பு வாங்கி, என் மஞ்சள் சுங்குடி துப்பட்டாவைக் கட்டினோம். அதற்கப்புறம் ஒருத்தரும் தொலையவில்லை.

படுக்கை, பள்ளிக்கூட வகுப்பறைத் தரையாகத்தான் இருக்கும். குளிக்க ஐந்து மணிக்கு முன்னால் எழு, இல்லை குளியலை மறந்துவிடு. பயணத்தில் மாதவிலக்கு நாள் முன்பின்னாகும், எனவே நாள் கணக்கை நம்பாமல் நாப்கின் எடுத்துப் போ, தினமும் தூக்கும் சின்னப் பையிலும் இரண்டு வை. பவர் பேங்க் கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்க வேண்டும், விமானத்தில் போடும் லக்கேஜில் விடமாட்டார்கள். கொரியாவிலும் நம்மைப் போல 220 வோல்ட்தான், ஆனால் தடித்த மூன்று முள் பிளக் நுழையாது.

விசாவை மறைமாவட்டக் குழு வழியாகவே போடு. ஏஜென்ட் ஒருவர் தனியாக ஏற்பாடு செய்கிறேன் என்று வருவார், வாசலோடு அனுப்பிவிடு. இந்தப் பயணத்தைச் சாக்காக வைத்துப் போய்த் திரும்பாமல் போகிறவர்கள் உண்டு, அதனால் நல்லவர்களையும் துருவிக் கேட்பார்கள். எங்களோடு வரவேண்டிய இரண்டு பேருக்கு விசா மறுத்துவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை தெரியாது. டிக்கெட் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்.

வரிசையில் நிற்கும்போது போனைப் பார்க்காதே. லிஸ்பனில் பெலேம் என்ற பகுதியில் ஒரு தோட்டத்தில் 150 பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் வைத்திருந்தார்கள், சிறைக்கைதிகள் செய்தவை. அங்கே ஒரு மணி நேரம் நின்றபோது முன்னால் நின்ற பிரேசில் பெண்ணோடு கைஜாடையில் பேசிப் பழகினேன். அவள் கையில் கட்டியிருந்த கயிற்றை எனக்குக் கட்டிவிட்டாள். என்னிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை, கைப்பையில் இருந்த கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கொடுத்தேன். அங்கே எல்லாரும் எதையாவது மாற்றிக்கொள்வார்கள். நீ வேளாங்கண்ணி மாதா சாவிக்கொத்து முப்பது வாங்கிக்கொள், கடலை மிட்டாயும்.

ஓய்வு கிடைக்கிற நாளில் மியோங்டோங் கடைகளில் முகக் கிரீம் தேடி அலைவாய், தெரியும். அந்தக் கடைகளுக்குப் பக்கத்திலேயே 1898-ல் கட்டி முடித்த பேராலயம் இருக்கிறது. முடிந்தால் ஹான் ஆற்றங்கரையில் ஜொல்துசான் குன்றுக்கும் போ. மறைசாட்சிகளின் தலையை வெட்டிய இடம். நம் ஊருக்கு சவேரியார் வந்தார். கொரியாவில் முதலில் யாரும் போய்ப் போதிக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த புத்தகங்களைப் படித்தவர்கள் தாங்களாகவே கூடி, 1784-ல் ஒருவரை பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்று வரச் செய்தார்கள். கொரியாவின் மறைசாட்சிகள் 103 பேரைப் புனிதர்களாக 1984-ல் சியோலிலேயே அறிவித்தார் போப் இரண்டாம் ஜான் பால். இதைப் படிக்காமல் போனால் அது உனக்கு வெறும் குன்று.

எனக்கு ஒன்றும் வாங்கி வராதே. பையில் இடமும் இருக்காது. அந்த மஞ்சள் துப்பட்டா என் பீரோவில் இருக்கிறது, கிளம்புவதற்கு முன் வந்து எடுத்துக்கொள். ஓரத்தில் லிஸ்பன் மண் கறையாக நிற்கிறது. துவைத்துவிடாதே.